கவ்வாத்து, அண்ணா

பட்டம் வாங்கிய பிறகு சதீஸுக்கு நாலு நேர்முகத் தேர்வுகள் வந்தன. முதல் மூன்றிலும் அவனை விழுத்தியது கடினமான கேள்வி எதுவுமில்லை. இரண்டில் பெயரைக் கேட்டார்கள், ஒன்றில் இடப் பக்கமிருந்து கேட்டார்கள், அவ்வளவுதான்.

முதலாவது கண்டி நகரத்தில், ஒரு காப்புறுதிக் கம்பனியில். மடுல்கெல்லையில் காலை முதல் பஸ்ஸில் ஏறி, பன்வில, வத்தேகம என்று நின்று நின்று வந்து, எட்டு மணிக்கே அந்தக் கட்டிடத்தின் வாசலில் நின்றுவிட்டான். உள்ளே இருந்த மனேஜர் தமிழர். நல்ல மனிதர் என்றுதான் சதீஸ் பிறகும் சொன்னான். கோப்பைத் திறந்தபடி, தலையை நிமிர்த்தாமலே, "பேரச் சொல்லுங்க தம்பி," என்றார்.

எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. சதீஸ் குதிகால்களை ஒட்டி வைத்து விறைத்து நின்றான். கண் மனேஜருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானில் குத்தி நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"கவ்வாத்து, அண்ணா. வெட்டினாத்தான் தளிர்க்கும், அண்ணா."

வெளியில் வரிசையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. மனேஜர் முதலில் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "வீட்டுக்குப் போங்க தம்பி. நாங்க அறிவிக்கிறோம்," என்றார். அறிவிக்கவில்லை.

கவ்வாத்து என்பது மலைநாட்டுத் தோட்டங்களில் தினமும் புழங்கும் சொல். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு மொட்டையாக வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் கவ்வாத்து. சதீஸின் அப்பா கறுப்பையாவுக்கு அதுதான் வேலை. அந்தச் சொல் எப்படி மகனின் பெயராகியது என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த அறையில் இருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே வருடம், ஒரே ஹொஸ்டல். எந்தப் பல்கலைக்கழக வளாகம் என்று எழுதவில்லை. கண்டியிலிருந்து ஒரு பகல் பஸ் பயணம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடக்காரர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு 'கார்ட்' உண்டு. சீனியர்கள் வைக்கிற பெயர் அது, அதோடு ஒரு வசனமும் வரும். பேரென்னடா என்று ஒரு சீனியர் கேட்டால் குதிகால் ஒட்ட நின்று, அவருடைய இரண்டாவது பொத்தானைப் பார்த்து, கார்டையும் வசனத்தையும் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தால் அடி. சொந்தப் பெயரைச் சொன்னால் அதைவிடக் கூடுதல் அடி. எனக்கும் ஒன்று வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்த எங்களை நிரோஷனின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நிரோஷன் எங்களுக்கு இரண்டு வருடம் மேல். கண்டி டவுன்காரன், மேடையில் அழகாகப் பேசுவான், தமிழ் விழா என்றால் வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நிற்பவன் அவன்தான்.

"ஒங்கப்பா என்னா வேலைடா?" என்று சதீஸைக் கேட்டான்.

"கவ்வாத்து வெட்டுறாரு, அண்ணா."

"அப்படின்னா?"

டவுன்காரனுக்கு நிஜமாகவே தெரியாது என்று நினைத்துச் சதீஸ் விளக்கினான். அப்பாவின் வேலையைப் பற்றி ஒருவர் கேட்கிறார் என்ற சந்தோசம் அவன் குரலில் இருந்தது. "செடி கெழண்டு போயிரும், அண்ணா. வெட்டினாத்தான் தளிர்க்கும்."

"வெட்டினாத்தான் தளிர்க்குமா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப வெட்டிருவோம்."

கத்தரிக்கோல் மேசையில் ஆயத்தமாக இருந்தது. தலையை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார்கள். முடியோடு தோலும் இரண்டு இடத்தில் வந்தது. இரத்தம் காதுக்குப் பின்னால் இறங்கிச் சட்டைக் காலரில் ஊறியது. அதன் பிறகு ஈரத் துவாயின் நுனியில் ஒரு பூட்டை முடிந்துகொண்டு முதுகில் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கார்டைச் சொல்ல வேண்டும். கீழே விழாமல் இருக்க எங்களில் இரண்டு பேரை அவன் கைகளைப் பிடிக்கச் சொன்னார்கள். இடக் கையைப் பிடித்திருந்தவன் நான். அவனுடைய விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. முப்பதாவது அடியோ என்னவோ, வலியில் புத்தி தடுமாறி, "சதீஸ், அண்ணா," என்றான்.

நிரோஷன் துவாயைக் கீழே போட்டான். முன்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவனுடைய இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் அறைந்தான். பை வெடித்தது போல ஒரு சத்தம். இடக் காதிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் வந்தது.

"இப்ப சொல்லு. பேரென்னா?"

"கவ்வாத்து, அண்ணா. வெட்டினாத்தான் தளிர்க்கும், அண்ணா."

ஹொஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சதீஸ் ஆஸ்பத்திரியில் சொன்னான். சாட்சி சொல்ல என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆமா டொக்டர், வழுக்கித்தான் விழுந்தான் என்றேன். அடுத்த வாரமே பையைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். இப்போது டோஹாவில் ஒரு கட்டிடக் கம்பனியின் களஞ்சியத்தில் இருக்கிறேன். சதீஸ் ஓடவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வளாகத்துக்குப் போன முதல் பிள்ளை ஓடிவர முடியாது என்று அவன் நினைத்தான். நாலு வருடமும் நின்று, இரண்டாம் வகுப்பில் தேறி, ஒரு காதோடு வந்தான்.

இரண்டாவது நேர்முகத் தேர்வு ஒரு தனியார் பாடசாலையில். அங்கே கேட்டது ஒரு பெண், அதுவும் ஆங்கிலத்தில். சதீஸ் ஒழுங்காகப் பெயரைச் சொன்னான். ஆனால் இடப் பக்கத்தில் இருந்தவர் மூன்று முறை ஏதோ கேட்டிருக்கிறார். இவன் நேரே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். "தம்பிக்குக் காது கேக்கலியா, இல்ல நம்ம கேள்வி புடிக்கலியா?" என்று அவர் மேசையில் தட்டிக் கேட்டபோது, எந்தக் காது என்று சொல்ல வெட்கப்பட்டு, மன்னிச்சிருங்க சேர் என்று எழுந்து வந்துவிட்டான்.

மூன்றாவது ஒரு மொத்த விற்பனை நிலையம். மறுபடியும் ஆண், மறுபடியும் தமிழ், மறுபடியும் பேரென்ன. வாய் திறந்தால் எது வரும் என்று தெரிந்ததால் சதீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தான். நாக்கும் இடையில் மாட்டியது. கடைசியில் பேனாவை வாங்கிப் பெயரைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தபோது உதட்டோரத்தில் இரத்தம் வழிந்தது. முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், "ஊமைப் பயலுக்கெல்லாம் டிகிரி குடுக்கிறாங்க," என்றாராம். அது அவனுடைய நல்ல காதுப் பக்கம்.

அலவத்துகொடையில் செருப்புக் கடை வைத்திருக்கும் ரிஸ்மி அவனுடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. விசயத்தை முழுதாகச் சொன்னது அவனிடமும் என்னிடமும் மட்டும்தான். வீட்டில் சொல்லவில்லை. அப்பாவின் வேலையை வைத்துத்தான் அடித்தார்கள் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

"இதுக்கு ஒரே மருந்து பழக்கம்தான்," என்று ரிஸ்மி கடை மேசைக்குப் பின்னால் முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "உங்கட பேர் என்ன?"

"கறுப்பையா சதீஸ்."

"பாத்தியா. ஒரு கொழப்பமும் இல்ல. இவ்ளோ லேசான வேல."

"ஒன் மூஞ்சியப் பாத்தா பயம் வரலடா. செருப்பு வேணுமான்னு கேக்கிற மாதிரியே இருக்கு."

"பயம் வரோணுமா? கொஞ்சம் ஈரு."

ரிஸ்மி கால் அளக்கும் பலகையைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்து, "பேரென்னடா?" என்று கத்தினான். சதீஸ் எழுந்தான். குதிகால் ஒட்டியது. கவ்வாத்து, அண்ணா என்றான். ரிஸ்மி சிரிக்கத் தொடங்குவதற்குள் மேசைக்கு மேலால் ஒரு கை வந்து அவன் கழுத்தைப் பிடித்தது. செருப்புப் பெட்டிகள் சரிந்து விழுந்தன. கடைக்கு வந்திருந்த ஒரு பெண்பிள்ளை அலறிய பிறகுதான் சதீஸ் கையை எடுத்தான்.

ரிஸ்மி ஐந்து நிமிடம் இருமினான். கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தான். "அஞ்சு வெரலும் அப்பிடியே ஈக்கி. உம்மா கேட்டா நான் என்ன செல்ற?" பிறகு, மெதுவாக: "மச்சான், அந்த நிரோஷன நீ திரும்பக் காணாம ஈக்கோணும். அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லம்."

அந்தச் சம்பவத்தை ரிஸ்மி போனில் எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன்.

பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் முடிந்தபோது கறுப்பையா பொறுமையிழந்தார். அவர் கூடாத மனிதர் இல்லை. ஆனால் லயத்தில் ஆட்கள் பேசுகிறார்கள்.

"திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு," என்றார். பெரட்டு என்பது காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். "கவ்வாத்துக்கு ரெண்டு ஆள் கொறையுது. கணக்கப்புள்ளகிட்ட சொல்லிட்டேன்."

"படிச்ச புள்ளைய மலைக்கு அனுப்புறீங்களா?" என்றாள் அம்மா பாப்பம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"படிச்ச புள்ள பேரக் கேட்டா முழிக்குதாம். கண்டிக்குப் போய்ட்டு வந்தவனெல்லாம் சொல்றான். நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்க?"

"வெள்ளிக்கெழம ஒரு இன்டர்வியூ இருக்குப்பா," என்றான் சதீஸ்.

"போ. போகாதன்னா சொன்னேன்? கெடைச்சா சந்தோசம். கெடைக்கலன்னா திங்கக்கெழம."

புதிதாகத் தீட்டிய ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கறுப்பையா கொண்டுவந்து கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் செருகி வைத்தார். நுனி வளைந்த கத்தி. அது மகனுக்கு. அதன் கீழேதான் சதீஸ் அந்த வாரம் முழுக்கப் படுத்திருந்தான்.

அந்த நாலாவது வேலை அவனுக்கென்றே அளந்து தைத்தது போல இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனி. தோட்டத் தொழிலாளர் நலன் அதிகாரி. தமிழ் வேண்டும், பட்டம் வேண்டும், தோட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தைக் கண்டு அனுப்பியவன் நான். ஒரு தந்திரமும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கேட்கும்வரை காத்திருக்காதே, உள்ளே போனதும் நீயே முந்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிடு என்றேன். தொலைபேசியில் அவனை நூறு தடவையாவது கதவைத் திறந்து வரச் செய்திருப்பேன். வணக்கம் சேர், நான் கறுப்பையா சதீஸ். வணக்கம் சேர், நான் கறுப்பையா சதீஸ்.

வெள்ளிக்கிழமை காலை மழை. அப்பாவின் நீளக் குடையை எடுத்துக்கொண்டு போனான். மரப்பிடி போட்ட பழைய குடை. மூன்றாம் மாடியில் அவனுடைய முறை வந்தபோது பத்தரை. கதவைத் திறந்து, "வணக்கம் சேர், நான்," என்றான்.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் தலை நரைத்த சிங்களவர், முன்பு தோட்டத்துரையாக இருந்து இப்போது கம்பனியின் இயக்குநராக இருப்பவர். மற்றவன் கழுத்துப் பட்டி கட்டிய நிரோஷன்.

நிரோஷன் அவனைக் கண்டதும் சாய்ந்து உட்கார்ந்தான். பேனாவை மூடினான். வளாகத்து அறையில் கேட்ட அதே குரலில், ஒரே ஒரு சொல் கேட்டான்.

"பேரு?"

குடை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குதிகால் ஒட்டியது. இரண்டாவது பொத்தான் கழுத்துப் பட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்த இடத்தையே பார்த்தபடி சதீஸ் சொன்னான்.

"கவ்வாத்து, அண்ணா."

நிரோஷன் புன்னகைத்தான். மிச்சத்துக்குக் காத்திருந்தான். அதற்குள் கிழவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் குனிந்தார். பெயர் கேட்டது அவர் காதில் விழவில்லை. முப்பது வருடம் மலையில் இருந்தவரின் காதில் விழுந்தது தெரிந்த ஒரு சொல் மட்டும்தான். இந்தப் பையன் தனக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

"கவ்வாத்து தெரியுமா?" என்றார் தன்னுடைய தோட்டத்துத் தமிழில். "நீ வெட்டினதா? இல்ல, சும்மா பார்த்ததா?"

சதீஸ் மெதுவாக அவர் பக்கம் திரும்பினான். "லீவு நாள்ல அப்பாகூடப் போயி வெட்டிருக்கேன், சேர்."

"சொல்லு பார்ப்போம். எப்படி வெட்டுறது?"

"வாத, அந்தக் கெளைய, எடக் கையால புடிக்கணும், சேர். கத்தி கீழேருந்து மேல வரணும், சாய்ச்சு. ஒரே இழுப்பு. வெட்டின எடம் செடிக்கு உள்பக்கம் பாத்து இருக்கணும்."

"ஒரு வெட்டுல போகல்ல என்றால்?"

"போகணும், சேர். ரெண்டாவது வெட்டு போட்டா வாது பொளந்துரும். தண்ணி எறங்கி அழுகிரும். அப்பா ரெண்டாவது வெட்டு போட மாட்டாரு."

கிழவர் மேசையில் கையால் தட்டினார். "இதுதான். போன தடவை எடுத்த பையன், அவனுக்கு வாது தெரியாது, வேர் தெரியாது. டை மட்டும் கட்டத் தெரியும்." உட்காரு என்று கதிரையைக் காட்டினார். இன்னும் பத்து நிமிடம் பேசினார்கள். சதீஸ் உட்கார்ந்து, கை அசைத்து, ஒரு முறை சிரித்தும்கூடப் பேசினான். கடைசியில் கிழவர் படிவத்தை இழுத்து, "நல்லது. திங்கட்கிழமை வேலைக்கு வா. பேர் என்ன சொன்னது?" என்றார்.

சதீஸ் மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"கறுப்பையா சதீஸ், சேர்," என்றான் நிரோஷன். சரளமாக, எழுத்துப் பிசகாமல். "எனக்கு நல்லாத் தெரிஞ்ச தம்பி. கெம்பஸ்ல நம்ம வளர்த்த புள்ள."

இவ்வளவு காலமும் அந்தப் பெயர் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு சதீஸ் வெளியே வர, மாடிப்படியில் நிரோஷன் பின்னால் வந்து தோளில் கை போட்டான். தேநீர் குடிக்கப் போகிற சிலர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா கவ்வாத்து. தோட்டத்தான் வேலைய வச்சே உள்ள வந்துட்ட."

"தேங்ஸ், அண்ணா."

"எனக்குக் கீழதான் ஒனக்கு வேலை, தெரியுமில்ல? திங்கக்கெழம எல்லாரையும் கூப்பிட்டு அறிமுகப்படுத்துறேன். நீ எந்திரிச்சு நின்னு கார்டச் சொல்லு. வசனத்தோட. சும்மா பகிடிக்குத்தான்டா, மூஞ்சிய அப்படி வச்சுக்காத."

"வேணாம், அண்ணா."

"என்னாது?"

"வேணாம், அண்ணா. நான் நல்லா வேல செய்வேன். அது மட்டும் வேணாம்."

நிரோஷன் சிரித்தான். தோளிலிருந்த கையை எடுத்து, சதீஸின் வலக் காதை, கேட்கிற காதை, இரண்டு விரலால் பிடித்துத் திருகினான். "இந்தக் காதாவது நல்லாக் கேக்குதா?"

குடையின் மரப்பிடி கீழேயிருந்து மேலே வந்தது. சாய்ந்து, ஒரே இழுப்பாக, தாடையின் அடியில் பட்டது. எலும்பு முறிந்த சத்தம் கீழ்மாடிக் காவலாளிக்குக் கேட்டதாம். நிரோஷனின் வாயிலிருந்து இரண்டு பற்களும் இரத்தமும் சுவரில் தெறித்தன. கழுத்துப் பட்டியைச் சதீஸ் இடக் கையால் பிடித்திருந்ததால் அவன் விழவில்லை.

சதீஸ் அதோடு நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் கன்னம் பிளந்தது. மூன்றாவதில் குடைப்பிடி உடைந்தது. பட்டியைக் கைவிட்டதும் நிரோஷன் ஏழு படிகள் உருண்டு போய்த் திருப்பத்தில் கிடந்தான். சதீஸ் இறங்கிப் போய் அவன் நெஞ்சில் முழங்காலை வைத்து, உள்ளங்கைகள் இரண்டையும் விரித்து, இரண்டு காதுகளிலும் ஒன்றாக அறைந்தான். "பேரென்னா?" என்று கேட்டான். "என் பேரச் சொல்லு. மேல சொன்னீல்ல, இப்ப சொல்லு." உடைந்த தாடையால் நிரோஷன் எதையோ குழறினான். அது என்ன சொல் என்று யாருக்கும் விளங்கவில்லை. காவலாளி வந்து பின்மண்டையில் தடியால் அடித்து வீழ்த்தும் வரை சதீஸ் அறைந்துகொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை தொடங்க இருந்த வேலை அந்தப் படிகளிலேயே முடிந்தது.

ரிஸ்மிக்குத் தகவல் போய், கடையை அப்படியே விட்டுவிட்டுப் பொலிஸுக்கு ஓடினான். அங்கே நடந்ததை நான் அவனிடமிருந்துதான் கேட்டேன். சதீஸை ஒரு மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்களாம். சட்டையில் இருந்த இரத்தம் பெரும்பாலும் அவனுடையதில்லை. பின்மண்டையில் கட்டு. நிரோஷனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தாடையைக் கம்பியால் கட்டுவார்கள், ஒரு காதில் இரத்தம் நிற்கவில்லை என்று யாரோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா மச்சான், வேல கெடச்சதுக்குப் பொறகா அடிச்ச?" என்று ரிஸ்மி கேட்டிருக்கிறான்.

"கெடச்சதனாலதான்டா," என்றானாம் சதீஸ்.

சார்ஜன்ட் பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். கனத்த ஆள், பெரிய மீசை, மேசைக்குப் பின்னால் அகலமாக உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமல், அதட்டலாக, சிங்களத்தில் ஒரே சொல்லில் பெயரைக் கேட்டார்.

"நம?"

ரிஸ்மி பயந்துவிட்டானாம். குதிகால் ஒட்டப்போகிறது, இவன் எழுந்து நிற்கப்போகிறான், இங்கேயும் அதைச் சொல்லி இன்னும் அடி வாங்கப்போகிறான் என்று அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

சதீஸ் எழவில்லை. வாங்கில் சாய்ந்தபடியே, சார்ஜன்டின் முகத்தைப் பார்த்து, "கறுப்பையா சதீஸ்," என்றான்.

சார்ஜன்ட் எழுதினார். 'கறுப்பையா' அவருக்குச் சரியாக வரவில்லை. சதீஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் திருத்திக் கொடுத்தான். முகவரி, தோட்டத்தின் பெயர், லய இலக்கம் எல்லாம் எழுதிய பிறகு அவர் அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"ரஸ்ஸாவ?"

என்ன தொழில் என்று கேட்கிறார். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கூரைத் தகரத்தின் கீழே கத்தி செருகியபடி இருந்தது.

"கவ்வாத்து," என்றான் சதீஸ்.